கொஞ்சம் எரிச்சல்

துறைமுகத்துக் காலை வெயில் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே இறங்கி, கிழவர் ஷிமே கழற்றி வைத்த தொப்பியின் மேல் விழுகிறது. தொப்பி இருப்பது துணைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில். நர்ஸ் தோன்கா அவர் கையில் ரப்பர் பட்டையை இறுக்கி ஊசியைச் செருகுகிறாள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமோ என்று போன தடவை பார்த்த ரத்தச் சோதனையில் அந்தச் சுரப்பியின் புரத அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "சுரப்பி வீங்கிக் கெடக்கு, அதான் ஒண்ணுக்குப் போறப்ப எரியுது. அளவும் அதனாலயே ஏறியிருக்கலாம். மாத்திரையில வீக்கம் வத்தட்டும், மறுபடி பாப்போம்" என்றிருந்தார் டாக்டர். ஷிமே ஒயினைத் தொடாமல் வேளை தவறாமல் மாத்திரையை விழுங்கினார்.

"வீட்ல யாரு மாமா உங்களப் பாத்துக்கிட்டது?"

"பூனைதான். அதுவும் மீன் இருந்தாத்தான் எட்டிப் பாக்கும்."

தோன்கா சிரிக்கிறாள். சின்னக் குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறுகிறது. "இப்ப ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

எரியவில்லை. ஒரு வாரமாகவே துளி எரிச்சலும் இல்லை. இனி அளவு இறங்காமல் நின்றால், பழியைப் போட வீக்கமும் இல்லை. மற்றக் கையை நீட்டித் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். வெயில் இப்போது வெறும் நாற்காலியில் கிடக்கிறது.

"கொஞ்சம் எரியத்தான் செய்யுதும்மா" என்கிறார், அதைப் பார்த்துக்கொண்டே.