முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

டாலிகஞ்ச் குடியிருப்பின் வாசலில் கண்ணாடி வண்டி நிற்கிறது. உள்ளே, சம்பங்கி மாலைகளுக்கு அடியில் நரேன். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வத்சலா, மகனின் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிதார் கம்பி பட்டுக் காய்த்துப்போன விரல்கள். கண்ணாடியில் விழும் சாயங்கால வெயில் அவற்றை மறைத்து மறைத்துக் காட்டுகிறது. அவன் வங்காள மொழியில் எழுதிப் பாடிய அத்தனை பாட்டும் மனப்பாடமான பிள்ளைகள் தெருவை அடைத்து நிற்கிறார்கள். அவர்களில் கிதாரோடு வந்த பெண் ஒருத்தி குனிந்து, "மாஷிமா, கடைசியா ஒண்ணு பாடட்டுமா?" என்று வங்காளத்தில் கேட்கிறாள். வத்சலா தலையாட்டுகிறாள். முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு தொடங்குகிறது. வீட்டுக் கூடத்தில் அவன் தனியாகப் பதிவு செய்தது அது. விஷயம் தெரியாமல் அடுக்களையிலிருந்து அவள் போட்ட சத்தமும் அதில் விழுந்துவிட்டது. "அசிங்கமா இருக்கு, வெட்டி எறிடா" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்ததோடு சரி. அவன் கச்சேரி எதற்கும் அவள் போனதில்லை. அதனால் இப்போது வரப்போவது அவளுக்குத் தெரியாது. பாட்டு முடிந்து கிதார் அடங்கியதும், தமிழில் வேறொரு சொல்லும் அறியாத அத்தனை குரல்களும், அவளுடைய அதே இழுப்போடு, "நரேன், சாப்பிட வாடா, ஆறிப்போறது!" என்று கூப்பிடுகின்றன. அடுத்தது "வந்துட்டேம்மா" என்கிற பதில். அதை மேடையில் அவன் மட்டும்தான் சொல்வான். அந்த இடத்தை அவனுக்கு விட்டு, பழக்கத்தில், எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். வத்சலாவும் காத்திருக்கிறாள்.