தொப்பிக்கு வெளியே ஒரு கற்றை

நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். முழுசாக உட்கார்ந்துவிட்டால், கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நர்சிங் பள்ளியின் பிரின்சிபால் மேடம். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இவளுடைய மார்க் சீட்டுகளைப் பார்த்தார். ஒரு தாள். இன்னொரு தாள். மறுபடியும் முதல் தாள்.

"பிஎஸ்சி பிசிக்ஸ். நாற்பத்தாறு சதவீதம். அதுவும் அரியர் எழுதி எழுதி." நிமிர்ந்தார். "ஏம்மா?"

இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் படிப்பு போச்சு என்று சொல்லச் சொல்லி அத்தை அனுப்பியிருந்தாள். அப்பாவோ கல்லுக்குண்டு மாதிரி கேட்டில் நின்று, வாட்ச்மேனோடு தேர்தல் கதை பேசிக்கொண்டிருந்தார். குரல் இங்கே வரைக்கும் கேட்டது.

பொய் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை.

"ஏறல மேடம்," என்றாள். "உக்காந்துதான் படிச்சேன். ஏறல."

மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, வேறு எதுவுமா, தெரியவில்லை.

"அது ஏறல. இது ஏறுமா?"

"இது ஏறும் மேடம்."

பட்டென்று வந்துவிட்டது.

"எப்படித் தெரியும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

தங்கச்சி எப்சி இதே பள்ளியில் இரண்டாம் வருஷம். லீவுக்கு வந்தால் பாடப்புத்தகத்தை இவள் மடியில் போட்டுவிட்டு, அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி ஒப்பிப்பாள். அவள் தடுமாறும் இடத்தில் இவள் எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் புத்தகம் மூடிக் கிடந்தது. அது தெரியாமலே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, நீ பாக்காம சொல்லுத!" என்று எப்சி கத்தியபோதுதான் இவளுக்கே தெரிந்தது.

அந்த எப்சிதான் போன வாரம் போனில் சொன்னாள். "இன்டர்வியூவுல எம் பேரை எடுக்காதக்கா. அங்க என்னைப் பாத்தாலும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத. தங்கச்சி சொல்லி சீட்டு கெடச்சுதுன்னு பேச்சு வந்துரும்."

சரி என்றாள். பாதி நம்பினாள். மீதிப் பாதி முள்ளாக உள்ளே கிடந்தது. நாற்பத்தாறு வாங்கின அக்காவை எவளுக்குத்தான் கூட்டத்தில் காட்டப் பிடிக்கும்?

"தெரியும் மேடம்," என்றாள். அதற்குமேல் சொல்ல வழியில்லை.

மேடம் தாள்களைத் தட்டி அடுக்கினார். திருப்பிக் கொடுக்கத்தான் அடுக்குகிறார் என்று இவளுக்குத் தோன்றியது.

"மார்க்கு கிடக்கட்டும். எனக்குப் பயம் வேற. போன வருஷமும் ஒரு டிகிரி பிள்ளை வந்தா. சின்னப் பிள்ளைகளை அக்கான்னு கூப்பிட மாட்டேன்னு ஒரே மாசத்துல பெட்டியைக் கட்டிட்டா. இங்க வயசு கணக்கே கிடையாது. முன்னால சேந்தவ அக்கா. அவ வந்தா எந்திரிக்கணும். உன்னால முடியுமா?"

"முடியும் மேடம்."

"வரும்போது எல்லாரும் இப்படித்தான் சொல்லுதீங்க."

மணியை அடித்தார். எட்டிப் பார்த்த ஆயாவிடம், "செகண்ட் இயர்ல எவளாவது ஒருத்தியை வரச்சொல்லு. இந்தப் பிள்ளைக்கு வார்டைச் சுத்திக் காட்டட்டும்," என்றார்.

எவளாவது ஒருத்தி. அவளாக மட்டும் இருந்துவிடக் கூடாது, ஆண்டவரே.

கதவு திறந்தது.

அவளேதான்.

வெள்ளை உடுப்பு. தலையில் தொப்பி. போட்டோவில் பார்த்ததுதான், நேரில் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. எவ்வளவு நெடுநெடுவென்று நிற்கிறாள்!

இவள் எழுந்து நின்றாள்.

"வணக்கம் அக்கா."

வாய் கூசும் என்று நினைத்திருந்தாள். கூசவில்லை. இனித்தது.

எப்சி பக்கத்தில் வந்து நின்றாள். கூப்பிட்டதும் ஓடிவந்திருப்பாள் போல. தொப்பிக்கு வெளியே ஒரு கற்றை முடி தப்பிவந்து காதோரம் ஆடிக்கொண்டிருந்தது. சின்னதிலிருந்தே அப்படித்தான். எத்தனை இறுக்கிப் பின்னினாலும் அந்த இடத்து முடி மட்டும் அடங்காது.

இவள் கை போய்விட்டது.

எப்சி தள்ளி நிற்கவில்லை.

கை வந்ததும் தலை தானாகக் குனிந்தது. பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்ற அவசரத்தில் குனிந்து கொடுப்பாளே, அதே குனிவு. கண்ணையும் மூடிக்கொண்டாள். முடியை உள்ளே தள்ளி, கொண்டை ஊசியைப் பிடுங்கித் திரும்பக் குத்தி, போ என்கிற மாதிரி தோளில் ஒரு தட்டும் தட்டி முடித்தாள் இவள்.

அதற்கு அப்புறம்தான் இரண்டு பேருக்கும் இருக்கிற இடம் நினைவுக்கு வந்தது.



மேடம் இந்த மூக்கைப் பார்த்தார். அதே அச்சில் இருந்த அந்த மூக்கைப் பார்த்தார். அடுக்கிய தாள்களை எடுத்தார். நீட்டவில்லை. டிராயரைத் திறந்து, உள்ளே வைத்து, மூடினார்.

"ஹாஸ்டல்ல ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் தர மாட்டேன்," என்றார். "இப்பவே சொல்லிட்டேன்."