அவர் இருந்திருந்தால் இரண்டு நிமிஷம்

மெக்கானிக்கை வண்டியில் ஏற்றியாயிற்று. வண்டிதான் போக மறுத்தது.

போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு கேட் வரைக்கும் போனது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக முகம் பார்த்து முடிக்கும்வரை டிரைவர் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்ததில், வெப்பமுள் சிவப்பைத் தொட்டு, பானெட்டின் இடுக்கில் ஆவி பீறிட்டது. நாலு பேர் சேர்ந்து அமரர் ஊர்தியைத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள்.

அழுதுகொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். போனவருக்கு அழுதாயிற்று. திரும்பி வந்தவருக்கு என்ன செய்வது?

மயானத்தில் பன்னிரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறவிட்டால் மறுநாள்தான். வேறு ஊர்திக்கு ஃபோன் செய்தால், இருந்த இரண்டும் வெளியே போயிருந்தன. மணி பத்தேகால்.

“மாமா மட்டும் இருந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை” என்றார் மெக்கானிக்கின் மைத்துனர்.

எல்லோரும் தலையாட்டிவிட்டு, உள்ளே படுத்திருந்தவரை ஒரு பார்வை பார்த்தார்கள்.

பொய்யில்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டில் முப்பத்தைந்து வருஷம் வண்டிகளோடு மல்லுக்கட்டியவர். பானெட்டில் உள்ளங்கையை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று பெயர். ஆனால் தொழில் அவரோடு நின்றுவிட்டது. மூத்த மகனுக்கு வங்கியில் வேலை. இளையவன் எஞ்சினியர், அவன் வாழ்நாளில் ஓர் எஞ்சினையும் தொட்டதில்லை.

மைத்துனர் விசிறி பெல்ட்டை ஆட்டிப் பார்த்து, அது சரியாக இருக்கிறது என்று அறிவித்தார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இளையவன் ஃபோனில் தேடி, பத்துக் காரணங்கள் இருக்கலாம் என்றான்.

சூடு தணிந்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்கள். டிரைவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியதும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். முள் ஏறியது. டிரைவர் அணைத்தார். அழுகையும் நின்றது.

மறுபடி தண்ணீர், மறுபடி உறுமல், மறுபடி அழுகை.

மூன்றாவது தடவை, செத்துப்போனவரின் அக்கா டிரைவரின் ஜன்னலைத் தட்டினாள்.

“நிஜமாவே கிளம்பறப்ப சொல்லுப்பா. தொண்டை கட்டிக்கிச்சு.”

அப்புறம் உள்ளே படுத்திருந்த தம்பியின் பக்கம் திரும்பி, அவனுக்குப் போக மனசில்லை, அதுதான் கோளாறு என்றாள். அதுவரை கேட்ட காரணங்களில் அதுதான் நம்பும்படியாக இருந்தது.

ஊர்தியின் பின்கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் மனைவி எழுந்தாள்.

யாரும் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பத்தைந்து வருஷமும் அவர் வண்டிக்கடியில் படுத்திருக்கும்போது டார்ச் பிடித்தது அவள்தான். கேட்ட ஸ்பேனரை நீட்டியதும், கேளாமலே திட்டு வாங்கியதும் அவள்தான்.

எஞ்சினைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ரேடியேட்டரைத் தொட்டாள், அது குளத்துப் படி மாதிரி ஜில்லென்றிருந்தது.

“ஒரு பக்கம் கொதிக்குது, ஒரு பக்கம் குளிருது. நடுவுல எங்கயோ தண்ணி நிக்குது” என்றாள்.

மூத்தவனைப் பார்த்து, ஷெட் சுவரில் மூன்றாவது ஆணியில் தொங்கும் பச்சைப் பிடி ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவரச் சொன்னாள். அவன் அம்மாவை உட்காரவைக்கப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் ஷெட்டுக்கு ஓடினான். இன்றைக்குப் போய் இவள் இதையெல்லாம் தொடலாமா என்று கேட்க வாயைத் திறந்த ஒரு பெரியவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சூடு ஆறும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கிளிப்பைத் தளர்த்தி, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் மேல் ஹோஸைப் பிடுங்கினாள். துருத் தண்ணீர் காலில் கொட்டியது. எஞ்சின் பக்கத்துக் குழாய் வாய்க்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினாள்.

அப்படியே நின்றாள்.

பிறகு எதையோ உருவி, கையை மூடிக்கொண்டாள்.

“என்னம்மா அது?” என்றான் மூத்தவன்.

“தூசி.”

ஹோஸை மாட்டி, தண்ணீரை நிரப்பினார்கள். எஞ்சின் ஓடியது. முள் பாதிவரை ஏறி, அங்கேயே நின்றது. பரீட்சை முடிவைப் பார்ப்பதுபோல ஐந்து நிமிஷம் எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

“செத்தும் ஒரு வண்டியச் சரி பண்ணிட்டுப் போறாரு மனுஷன்” என்று மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்கு இந்தத் தடவை தொண்டை ஒத்துழைத்தது.

மணி பதினொன்றரை. மனைவி பின்னால் ஏறி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்த வந்த டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

“போன மாசம் இந்த ஹோஸை ஐயாதாம்மா மாத்திக் கொடுத்தாரு. அதுலேர்ந்துதான் சூடாகுது. இன்னிக்கு ரொம்ப முத்திப்போச்சு. சாவு வீட்டுல எப்படிச் சொல்றதுன்னுதான்…”

“வண்டியை எடுங்க” என்றாள்.

கதவு சாத்திய பிறகு கையை விரித்தாள். ஈரத்தில் சுருண்ட துணி. அவளுடைய பழைய தலையணை உறை. நீலப் பூ கறுத்திருந்தது. ஹோஸைக் கழற்றிய இடத்தில் தூசி போகாதிருக்க அடைத்து வைப்பதற்கென்று, போன மாசம் அவள்தான் நாலு துண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். துவைக்க வந்தது மூன்று. நாலையும் போட்டேன், உனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அதற்காக இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்தார்கள்.

வண்டி பக்கத்து வீட்டு கேட்டைத் தாண்டியது.

அவள் அவர் காதருகே குனிந்தாள்.

“நாலு” என்றாள்.