சும்மா கிடைக்காத கத்தி

"பெட்டி பிரிக்க, ஸ்க்ரூ முடுக்க, ஆப்பிள் நறுக்க, எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும். பாக்கெட்லயே கிடக்கட்டும்ப்பா."

ஒஹாயோவில் அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் வெர்லின் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் மசியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் போய், ஆளுக்கொரு மடக்குக் கத்தியே வாங்கி வந்துவிட்டான்.

"எனக்கா? பரிசா?" என்றான் பக்கத்து மேஜை ராய்ஸ்.

"ஒரு சென்ட் வெச்சிட்டு எடுத்துக்கோ."

எதிர் மேஜை மார்லிஸ் கைப்பையைத் துழாவி ஒரு காசை வைத்துவிட்டுத் தன் கத்தியை எடுத்துக்கொண்டாள். ராய்ஸிடம் வங்கி அட்டைதான் இருந்தது.

"இப்பல்லாம் யாருய்யா சில்லறை வெச்சிருக்கா? சும்மா கொடு."

"சும்மா தர மாட்டேன்."

"ஒரு சென்ட்டுக்கா இந்த அடம்? கஞ்சப் பிசினாறி!"

"என்ன வேணா சொல்லிக்கோ. காசில்லாம கத்தி கிடையாது."

"சரி, திங்கட்கிழமை தரேன்."

"திங்கட்கிழமை நான் இருக்க மாட்டேன் ராய்ஸ். இன்னியோட வேலை முடிஞ்சுதுன்னு காலையில சொல்லிட்டாங்க."

ராய்ஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"கத்தியை இனாமாக் கொடுத்தா சிநேகம் அறுந்துடும்னு எங்க வீட்லயும் சொல்லுவாங்க" என்றாள் மார்லிஸ் மெல்ல.

ராய்ஸ் தடதடவென்று படியிறங்கி ஓடினான். கார் இருக்கைகளைப் புரட்டிப் போட்டுத் தேடி, ஒரு செப்புக் காசோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"இந்தா. கொடுடா என் கத்தியை."