கடைசி வேம்புக்குத் தண்ணீர்

“நூறு வயது வேப்பமரத்துக்கு ஆரும் தண்ணி ஊத்துவினமே, ஐயா?”

மயிலிட்டி வேப்பமரச் சாலைப் பாதுகாப்புச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த விவசாய ஆசிரியர் றொஷானுக்கு முதல் சனிக்கிழமையே சலித்துவிட்டது.

தலைவர் முருகேசு தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எழுபத்திரண்டு வயது. றொஷான் பின்னாலேயே போனான்.

“வேர் ஆழத்திலை நிக்குது. நீங்கள் வீட்டிலை ஆறியிருங்கோ. இனித் தண்ணி தேவையில்லையெண்டு அனுமதி தந்த ஆமி முகாமுக்கு நானே எழுதிறன்.”

சாலை இருந்த உயர் பாதுகாப்பு வலயத்தின் ஆமிக் காவலரணில் பெயர்களைச் சரிபார்த்து இருவரையும் உள்ளே விட்டார்கள். முருகேசு வழியில் எந்த மரத்தடியிலும் நிற்கவில்லை. தண்ணீர் முழுவதையும் கடைசி வேம்புக்கு ஊற்றிவிட்டு, முட்கம்பிக்கு அப்பால் கையைக் காட்டினார்.

“அந்தா, மஞ்சள் சுவர் தெரியுதே? எங்கடை வீட்டுச் சமையல் குசினி. பக்கத்திலை எங்கடை கிணறு. வீட்டைப் பாக்கவேணுமெண்டு முப்பத்தைஞ்சு வருஷமாக் கேட்டன், விடேல்லை. மரத்துக்குத் தண்ணி ஊத்தவேணுமெண்டு கேட்டன், விட்டிட்டினம்.”

திரும்பும்போது வெறும் கானை றொஷான் வாங்கிக்கொண்டான்.

அன்று பின்னேரமே முகாம் அதிகாரிக்குக் கடிதம் எழுதினான்:

‘மரங்களின் நிலை மிகவும் மோசமாக உள்ளது. இனிமேல் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.’