துள்ளிக் குதித்த எலி

உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைத் தடுத்துவிட்டால் வலியே தெரியாது என்பது விஞ்ஞானியின் கட்சி. எலியை இடது கையில் இறுக்கிப் பிடித்து, தன் புது மருந்தை ஊசியால் ஏற்றினார். சூடான தட்டில் விட்டதுமே எலி துள்ளிக் குதித்தது. அதை லபக்கென்று இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

"போச்சு. இத்தனை வருஷ உழைப்பும் பாழ்."

அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஊசியை எங்க குத்தினீங்க?"

"எலிக்குத்தான், வேற யாருக்கு?"

"உங்க இடது கையைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். எலி அவர் கட்டைவிரலை நறுக்கென்று கடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

"வலிக்கலையா?"

"கொஞ்சம்கூட இல்லையே."

"அப்ப மருந்து பலிச்சிடுச்சு. எலிக்குத்தான் நீங்க இன்னும் ஊசி போடலை."