இரவல் கூட்டம்

மறுபடியும் சோப்பு நுரை கன்னத்தில் ஏறியது. எனக்குக் கண் சொக்கியது.

விடியலிலிருந்து மூட்டை இறக்கிய உடம்பு. நாற்காலியைப் பின்னால் சாய்த்தால் போதும், அது பாட்டுக்குத் தூக்கத்துக்குள் இறங்கிவிடும்.

"மாமா, தூங்கிடாதீங்க. நீங்க தூங்குனா கடையே தூங்குதுன்னு நெனச்சிக்குவாங்க," என்றான் மச்சினன், காதோரம் குனிந்து.

சவரக்கத்தியை எடுத்தான். அது தாடையில் இறங்கியதே தெரியவில்லை. தண்ணீரில் இலை போவது போலப் போனது.

அவனுடைய கடையில் எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடிகள். ஒன்றுக்குள் ஒன்று விழுந்து, அதற்குள் இன்னொன்று விழுந்து, பெஞ்சில் இருந்த மூன்று பேரும் முந்நூறு பேராக நீண்டுகொண்டே போனார்கள். தூரத்தில் இருந்தவர்கள் பச்சையாக, மங்கலாக, குளத்தடியில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தார்கள். அத்தனை பேரும் என் மச்சினனிடம் முடிவெட்டக் காத்திருந்தார்கள்.

பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த மூன்று பேர் தையல்காரர், சாவிக்காரர், சைக்கிள் கடைக்காரர். மூவருக்கும் இதே வரிசையில்தான் கடை.

எங்கள் தெருவில் இது ஒரு பழக்கம். காலியாகக் கிடக்கும் கடைக்குள் முதல் ஆளாக நுழைய யாருக்கும் கால் வராது. அதனால் ஒருவர் கூப்பிட்டால் மற்றவர்கள் போய் உட்கார்ந்து கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்குவது போல, நாங்கள் கூட்டத்தை இரவல் வாங்குவோம்.

இன்றைக்கு வரப்போவது அரசாங்கத்து ஆள்.

தெருக்கடைகளைக் காப்பாற்றப் புதிதாக ஓர் உதவித் திட்டம் வந்திருக்கிறது. வரிசையில் இருக்கும் நான்கு பேருமே மனுப் போட்டிருந்தார்கள். இன்றைக்குப் பார்க்கப்போவது மச்சினன் கடையை மட்டும் என்று தகவல். உதவி கிடைத்தால் கடை நிற்கும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஷட்டரை இறக்கிவிட்டு, பெரிய சாலையில் இருக்கும் ஏசி சலூனில் சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரி காலையிலேயே சொல்லிவிட்டாள். "வேலைய முடிச்சிட்டு நேரா என் தம்பி கடைக்குப் போங்க. கட நெறஞ்சு தெரியணும். ஓடாத கடைக்கு யாரு பணம் குடுப்பா?"

நேற்றுப் பெருக்கிய முடியைக்கூட அவன் வெளியே கொட்டவில்லை. எடுத்துவைத்து, தரையில் மறுபடி தூவியிருந்தான்.

கதவு திறந்தது.

அதிகாரியம்மா. தோளில் பை. தெருத் தெருவாக நடந்து தேய்ந்த செருப்பு. அவரும் கண்ணாடிக்குள் விழுந்தார். முடிவில்லாத அதிகாரியம்மாக்கள் முடிவில்லாத வாடிக்கையாளர்களைப் பார்த்தார்கள்.

"எப்பவும் இப்படித்தான் கூட்டமா?"

சாவிக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னைக்குப் பரவால்லம்மா. சில நாள் நிக்கக்கூட எடம் இருக்காது."

தையல்காரர் அவர் விலாவில் இடித்தார்.

அதிகாரியம்மா கடையைச் சுற்றிப் பார்த்தபோது நான் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும். கண்ணாடிக்குள் இருந்த கூட்டம் எழுந்து வெளியே வந்தது. தெரு நெடுகப் பெஞ்சு. ஷட்டர்கள் தானாக மேலே சுருண்டன. தையல் மிஷின் மழை போல ஓடியது. யாரும் யாருக்காகவும் உட்கார்ந்து கொடுக்கவில்லை. எல்லாரும் நிஜமாகவே முடி வளர்ந்த ஆட்கள்.

அதிகாரியம்மாவின் குரல் என்னை எழுப்பியது.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆள் வராம மூடுற நெலமைல இருக்கிற கடைங்களுக்குத்தான் இந்த உதவி. உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல."

கத்தி என் தொண்டைக்குழியில் நின்றது.

"பக்கத்துல மூணு கட பட்டப்பகல்ல பூட்டிக் கெடக்கு, பாத்துட்டுத்தான் வரேன். தையல் கட, சாவிக் கட, சைக்கிள் கட. பாவம். மொதல்ல அவங்களுக்குத்தான் உதவி குடுக்கச் சொல்லப்போறேன். உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

கண்ணாடிக்குள் முந்நூறு பேரும் தலையைக் குனிந்தார்கள்.

மச்சினன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவங்கதாம்மா அவங்க, எனக்காகப் பூட்டிட்டு வந்து உட்கார்ந்தவங்க என்று. நுரைக்குள்ளிருந்து நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்மா," என்றான். "நல்ல ஆளுங்க. அவங்களுக்கே செய்ங்க."

கதவு மூடியது. செருப்புச் சத்தம் தெருவோடு கரைந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை.

மச்சினன் ஈரத்துண்டால் என் முகத்தைத் துடைத்தான். கன்னத்தில் தாடி அப்படியே இருந்தது. அதிகாரியம்மா எப்போது வருவார் என்று யாருக்குத் தெரிந்திருந்தது? அவர் வரும்வரை சவரம் முடிந்துவிடக் கூடாது என்றுதான்.

இழுப்பறையைத் திறந்து ஒரு புது பிளேடை எடுத்தான். அதுவரை வெறும் பிடியாக இருந்த கத்திக்குள் அதைச் செருகினான்.

"மாமா, எந்திரிங்க. நீங்க வீட்டாளு, அப்புறம் பாத்துக்கலாம்." என் தோளைத் தட்டிவிட்டு, பெஞ்சைப் பார்க்காமலே கேட்டான். "அடுத்தது யாருப்பா?"

மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

கண்ணாடிக்குள், கண்ணுக்கு எட்டிய கடைசி ஆள்வரை எழுந்தார்கள்.